43 அங்குலத் திரைக்கு 4கே தேவையா?

கேள்வி: 43 அங்குலத் தொலைக்காட்சி வாங்க எண்ணியுள்ளேன். ஃபுல் எச்.டி. போதுமா, 4கே வாங்க வேண்டுமா?

பதில்: நீங்கள் எவ்வளவு தூரத்தில் அமர்ந்து பார்ப்பீர்கள் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை கூற முடியும். ஃபுல் எச்.டி. திரையில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 3840 × 2160 என அமைந்த 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு. ஆனால், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைவிடக் குறுகிய கோணத்தில் அமைந்த இரு புள்ளிகளை இயல்பான பார்வையால் பிரித்தறிவது கடினம் என்பதால், இந்த அளவுள்ள ஃபுல் எச்.டி. திரையின் புள்ளிகள் ஏறத்தாழ ஐந்தரை அடிக்கு அப்பால் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எட்டு அடி தள்ளி அமர்ந்து செய்தியும் தொடரும் பார்ப்பவருக்கு 4கே தரும் கூடுதல் நுணுக்கம் பெரும்பாலும் புலப்படாது. கணினியோடு இணைத்துச் சிறிய எழுத்துகளைப் படிப்பவரோ, அருகிலிருந்து வீடியோ கேம் விளையாடுபவரோ அதை உடனே உணர்வார். விலை வேறுபாடு சிறிதெனில் 4கே வாங்குங்கள்; பெரிதெனில், கறுப்பை ஆழமாகக் காட்டும் திரைக்கு அப்பணத்தைச் செலவிடுவதே என் தேர்வாக இருக்கும். 'எச்.டி. ரெடி' என்ற பெயரில் வரும் 1366 × 768 திரையை மட்டும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இந்த அளவில் தவிர்த்துவிடுங்கள்.