வாசகர் கேள்வி – பதில்: குரங்குகள் ஏறும் விளக்குத் தண்டு

கேள்வி: லண்டன் விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 'குளோஸ்டர் மெழுகுவர்த்தித் தண்டு' என்ற பழம்பொருளைக் கண்டேன். தேவாலயத்துக்காகச் செய்த பொருளில் குரங்குகளும் கோர உருவங்களும் ஏன்? – வாசகி, கோவை.

பதில்: அதற்கான விளக்கத்தை அந்தத் தண்டே தன் மேல் எழுதி வைத்திருக்கிறது. வழியும் மெழுகைத் தாங்கும் தட்டின் வெளி விளிம்பில் ஓடும் லத்தீன் வாசகம், ஒளியைச் சுமப்பது அறத்தின் பணி என்றும், மனிதன் தீமையால் இருண்டுபோகாதிருக்க அது போதிக்கிறது என்றும் கூறுகிறது. அதை மனத்தில் கொண்டு பார்வையைக் கீழே இறக்கினால், கொடிகளுக்குள் சிக்கி, ஒன்றையொன்று பற்றியும் கடித்தும் முண்டியடிக்கும் மனிதர்களும் குரங்குகளும் கற்பனை விலங்குகளும் ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான போராட்டத்தைக் காட்டுவது புரியும். நடுக்குமிழில், இயேசுவின் வாழ்வை எழுதிய நான்கு நற்செய்தியாளர்களின் சின்னங்கள் உள்ளன. அதற்கும் மேலே, உச்சியில், வர்த்தியைச் செருகும் முள் இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடாதிபதி பீட்டர் இதனை இங்கிலாந்தின் குளோஸ்டர் புனித பேதுரு மடத்துக்கு அளித்ததாகத் தண்டிலுள்ள எழுத்துகள் தெரிவிக்கின்றன. வெள்ளி கலந்த செம்புக் கலவையை மூன்று பகுதிகளாக வார்த்து, தங்க முலாம் பூசியிருக்கிறார்கள். மெழுகில் உருச்செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் அந்த முறை, சுவாமிமலை ஸ்தபதிகளின் வேலையைக் கண்டவர்களுக்குப் புதிதன்று. பின்னாளில் பிரான்சின் லெ மான் பேராலயத்தைச் சேர்ந்திருந்த இத்தண்டை அருங்காட்சியகம் 1861இல் வாங்கியது.

கேள்வி: நான் வாங்கிய பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? – வாசகர், மதுரை.

பதில்: அவர் சொல்லை விட்டுவிட்டுத் தண்டைப் பாருங்கள். அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆங்கிலேயக் கைவினைஞர்கள் தண்டை நெடுக்காக இரு பாதிகளாக வார்த்து, பற்றவைத்து ஒட்டினார்கள். உள்ளே குழிவாக இருந்ததால் பித்தளை மிச்சமாயிற்று. தண்டின் மேல் வாயால் ஊதினால், படியும் ஈரத்தில் எதிரெதிரே இரண்டு மெல்லிய கோடுகள் தெரியக்கூடும். கோடு தெரிந்தாலும் அது ஒன்றே சான்றாகாது; பழைய பாணியில் பின்னர் செய்தவையும் விற்பனைக்கு வருகின்றன. அடிப்பாகத்தின் விளிம்பு கைபட்டுத் தேய்ந்து மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவரை புளி போட்டுத் துலக்க வேண்டாம். வயதைக் காட்டும் மேற்பரப்பு அதில் போய்விடும்.