ரத்தம் என்ன விலை?

கேள்வி: அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றையொன்று இண்டு இடுக்கு விடாமல் உளவு பார்த்ததால்தான் அணு ஆயுதப் போர் மூளாமல் போனது, எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்கிறார் என் நண்பர். அப்படியானால் அந்த உளவாளிகளுக்கு உலகம் நன்றி சொல்ல வேண்டும் அல்லவா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: நண்பர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு அவர் 1983-இல் லண்டன் சோவியத் தூதரகத்துக்குள் இயங்கிய, சோவியத் உளவு நிறுவனமான கேஜிபியின் கிளையைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

1981 மே மாதம் மாஸ்கோவில் கேஜிபி அதிகாரிகளின் ரகசியக் கூட்டம் ஒன்று நடந்தது. நாட்டுத் தலைவர் பிரெஷ்னெவ் வந்திருந்தார். அப்போது கேஜிபி தலைவராக இருந்த யூரி ஆந்த்ரோபவ் எழுந்து, அமெரிக்கா நம்மீது முன்னறிவிப்பில்லாமல் அணு ஆயுதத் தாக்குதல் நடத்தத் தயாராகி வருகிறது, அதற்கான அறிகுறிகளை உலகமெங்கும் தேடுங்கள் என்றார். கேஜிபியும் ராணுவ உளவுத்துறையான ஜிஆர்யுவும் சேர்ந்து பார்க்க வேண்டிய வேலை. அதற்கு ரியான் என்று பெயர் வைத்தார்கள்.

கவனித்தீர்களா? தயாராகிறார்களா என்று பார்த்து வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. தயாராகிறார்கள், ஆதாரம் கொண்டு வாருங்கள் என்றார். தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சி தேடச் சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

1983 பிப்ரவரியில் லண்டன் கேஜிபி தலைவர் அர்கடி கூக்கின் மேஜைக்கு மாஸ்கோவிலிருந்து விரிவான உத்தரவு வந்து சேர்ந்தது. என்னென்ன கண்காணிக்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல். அரசு அலுவலகங்களில் இரவு எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது, வாசலில் எத்தனை கார் நிற்கிறது என்று எண்ண வேண்டும். (ராத்திரி விளக்குப் போட்டு வேலை செய்கிறவர்களில் அலுவலகம் பெருக்க வருகிறவர்களும் உண்டு என்பது மாஸ்கோவுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.) ஆடுமாடுகளை மொத்தமாக வெட்டிக் குளிர்பதனக் கிடங்கில் அடுக்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். சர்ச் தலைவர்களும் பெரிய வங்கியாளர்களும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காது கொடுக்க வேண்டும். முதலாளித்துவ நாட்டில் போர் வருவதென்றால் வங்கிக்காரருக்குச் சொல்லாமலா வரும்! ரத்தம் கொடுப்பவர்களுக்குத் தரும் விலை ஏறுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். ஏறினால், போரில் காயம்படப் போகிறவர்களுக்காக ரத்தம் சேர்க்கிறார்கள் என்று அர்த்தமாம்.

பிரிட்டனில் ரத்தம் கொடுப்பவருக்கு யாரும் காசு தருவதில்லை. அது தானம். லண்டன் பஸ் கண்டக்டரைக் கேட்டாலே சொல்லியிருப்பார். உலகத்தின் மிகப் பெரிய உளவு நிறுவனம் அதைத் தெரிந்துகொள்ளாமல், இல்லாத விலை ஏறுகிறதா என்று பார்க்கச் சொன்னது.

மாஸ்கோவில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது, சரி. லண்டனிலேயே குடியிருந்தவர்களுக்குத் தெரியுமே, எழுதித் திருத்தியிருக்கலாமே என்பீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. லண்டன் கிளையில் இருந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் இந்தத் தாக்குதல் கதையை நம்பவில்லை. ஆனால் நம்பவில்லை என்று எழுதினால் அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எனவே கேட்டதற்கெல்லாம் அறிக்கை போயிற்று. போன அறிக்கைகளைப் படித்த மாஸ்கோ, பார், நாம் நினைத்தது சரிதான் என்று இன்னும் பயந்தது. பயந்து, இன்னும் விவரம் கேட்டது. உளவு பார்க்கப் பார்க்கப் பயம் தெளியவில்லை ஐயா, முற்றியது.

கிழக்கு ஜெர்மனியின் வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் மார்க்குஸ் வோல்ஃப் பழம் தின்று கொட்டை போட்டவர். இந்த வேலை வெறும் நேர விரயம் என்பது அவருடைய கருத்து. ஆனால் அதைச் சொன்னது பிற்பாடு, நினைவுக் குறிப்புகளில். பதவியில் இருந்தபோது மாஸ்கோ கேட்டதை அவரும் செய்துகொண்டுதான் இருந்தார்.

இதே லண்டன் கிளையில் நடந்த இன்னொரு கூத்து. 1983 ஈஸ்டர் சமயம், கூக்கின் வீட்டுத் தபால் பெட்டியில் யாரோ ஓர் உறையைப் போட்டுவிட்டுப் போனார். பிரித்தால், பிரிட்டிஷ் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5-இன் ரகசியங்கள். போட்டவர் மைக்கேல் பெட்டனி என்ற எம்ஐ5 அதிகாரி. சோவியத் உளவாளிகளைக் கண்காணிக்கும் பிரிவிலேயே வேலை பார்த்தவர். இன்னும் தருகிறேன், வேண்டுமா என்று கேட்டிருந்தார். எந்த உளவுக்காரனுக்கும் வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்க்காத அதிர்ஷ்டம், நடந்து வந்து கதவைத் தட்டியது. கூக் என்ன செய்தார்? இது பிரிட்டிஷார் விரித்த வலை என்று முடிவு கட்டிவிட்டார். ஜன்னல் விளக்கில் போரைக் கண்டுபிடிக்கத் தயாராக இருந்தவர், கைக்கு வந்த நிஜ ரகசியத்தை நம்ப மறுத்தார். அதோடு விட்டாரா? தம் அலுவலகத்தில் நம்பகமான ஒருவரிடம் யோசனை வேறு கேட்டார். அந்த நம்பகமானவர் பெயர் ஒலெக் கோர்டியெவ்ஸ்கி. 1974 முதல் பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையான எம்ஐ6-க்கு வேலை செய்துகொண்டிருந்தவர்! வலைதான் என்று அவரும் தலையாட்டிவிட்டு, நேரே எம்ஐ6-இடம் போய்ச் சொன்னார். செப்டம்பரில் பெட்டனி பிடிபட்டார். 23 ஆண்டு சிறை. கூக்கை 1984-இல் நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள்.

சிரிப்பு போதும். அதே 1983-இல் நடந்தவற்றை வரிசையாக நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரீகன் சோவியத் யூனியனைத் தீய சாம்ராஜ்யம் என்றார். அதே மாதம் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தையும் அறிவித்தார். செப்டம்பர் 1 அன்று சோவியத் போர் விமானம் ஒரு கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவின் பெர்ஷிங்-2 அணு ஏவுகணைகள் மேற்கு ஜெர்மனிக்கு வரவிருந்தன. ஆந்த்ரோபவ் இப்போது நாட்டுக்கே தலைவர், ஆனால் சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் படுத்திருந்தார். இந்த நிலையில் நவம்பர் 7 முதல் 11 வரை மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ ஒரு போர் ஒத்திகை நடத்தியது. பெயர் ஏபிள் ஆர்ச்சர். அணு ஆயுதத்தை ஏவ அனுமதி கேட்பது, கொடுப்பது, புதிய சங்கேத முறையில் செய்தி அனுப்புவது என்று எல்லாம் காகிதத்தில் நடக்கும் ஒத்திகைதான். ஒத்திகை என்ற போர்வையில் நிஜத் தாக்குதல் வருமோ என்று மாஸ்கோவில் கலங்கினார்கள். அமெரிக்கத் தளங்கள் உஷார் நிலைக்குப் போய்விட்டன என்று தவறான தகவலோடு கேஜிபி கிளைகளுக்கு அவசரத் தந்திகள் பறந்தன. கிழக்கு ஜெர்மனியிலும் போலந்திலும் சோவியத் விமானப் பிரிவுகள் தயார் நிலையில் நிறுத்தப்பட்டன. எவ்வளவு நெருக்கத்தில் போய்த் திரும்பினோம் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் வழக்கு ஓயவில்லை. மயிரிழை என்பவர்களும் உண்டு, ஊதிப் பெருக்கிய கதை என்பவர்களும் உண்டு. மாஸ்கோவின் பயம் நிஜம் என்பதுவரை எனக்குச் சந்தேகமில்லை.

அந்தப் பயத்தைத்தான் கோர்டியெவ்ஸ்கி மேற்கு நாடுகளுக்குச் சொன்னார். ஏவுகணை எத்தனை, எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் மேலேயிருந்து எண்ணிச் சொல்லிவிடும். கிரெம்ளினில் இருக்கும் முதியவர்கள் ராத்திரி எதை நினைத்து விழித்திருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. லண்டன் கிளைக்கு வந்த உத்தரவுகளையே அவர் கொண்டுவந்து கொடுத்தார். பிரிட்டிஷ் பிரதமர் தாட்சருக்கு விஷயம் போயிற்று, அமெரிக்காவுக்கும் போயிற்று.

அமெரிக்க உளவுத்துறை என்ன செய்தது என்பதையும் உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். 1984 மே மாதம் ஒரு சிறப்பு மதிப்பீட்டைத் தயாரித்து, சோவியத் தலைவர்களுக்கு உண்மையில் அப்படியொரு போர் பயம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. நாம் நல்லவர்கள், முதலில் அடிக்க மாட்டோம், இது அவர்களுக்கும் தெரியும், எனவே பயப்படுவதுபோல் நடிக்கிறார்கள்! மாஸ்கோ இல்லாத தாக்குதலைக் கண்டது. வாஷிங்டன் இருக்கிற பயத்தைக் காண மறுத்தது. அந்த மதிப்பீடு தவறு என்று அதிபரின் உளவு ஆலோசனைக் குழுவே 1990-இல் ஒரு ரகசிய அறிக்கையில் எழுதியது. அந்த அறிக்கை வெளியே வர 2015 ஆயிற்று.

இதில் ரீகன் தம் நிபுணர்களைவிடத் தேவலை. தாக்கப்பட்டுவிடுவோம் என்ற பயம் சோவியத்காரர்களைப் பிடித்து ஆட்டுகிறது, நமக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லை என்று அவர்களிடம் சொல்ல வேண்டும் என்ற கருத்தை 1983 நவம்பர் 18 தேதியிட்ட நாட்குறிப்பிலேயே அவர் எழுதி வைத்திருக்கிறார். 1984 ஜனவரியில் அவருடைய பேச்சின் சுருதியும் இறங்கியது.

ரியான் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஆந்த்ரோபவ் செத்து, செர்னென்கோ செத்து, கோர்பச்சேவ் வந்து, ரீகனோடு கைகுலுக்கி ஒப்பந்தம் போட்ட பின்பும் ஓடியது. நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது 1991 நவம்பரில். ஆபீஸ் என்றால் எந்த நாட்டிலும் ஆபீஸ்தான்.

இனி நன்றி விஷயம். கோர்டியெவ்ஸ்கியை 1985 மே மாதம் மாஸ்கோவுக்குத் திருப்பி அழைத்து, பிராந்தியில் மருந்து கலந்து கொடுத்து விசாரித்தார்கள். காட்டிக்கொடுத்தது அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ-வுக்குள்ளிருந்து பணத்துக்கு விலைபோன ஆல்ட்ரிச் எய்ம்ஸ் என்பது பரவலான கருத்து. ஜூலையில் பிரிட்டிஷ் தூதரகக் காரின் டிக்கியில் சுருண்டு படுத்து பின்லாந்து எல்லையைத் தாண்டினார். சோதனைச் சாவடியில் மோப்ப நாய் நெருங்கியபோது, கூட வந்த தூதரக அதிகாரியின் மனைவி அதே டிக்கியின் மேல் குழந்தையைக் கிடத்தி, அழுக்கு டயப்பரைக் கழற்றி மாற்றினார். நாயின் மூக்கு வேறு பக்கம் போயிற்று. இங்கிலாந்தில் விருதும் பாதுகாப்பும் கிடைத்தன. சோவியத் நீதிமன்றம் விதித்த மரண தண்டனை 2025-இல் அவர் சாகும்வரை ரத்தாகவில்லை.

ஆனால் நன்றி சொல்வதென்றால் இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். ரைனர் ரூப். பிரஸ்ஸல்ஸில் நேட்டோ தலைமையகத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு கிழக்கு ஜெர்மனிக்கு ஆவணங்களைக் கடத்தியவர். அதே 1983-இல், நேட்டோ தாக்குதலுக்குத் தயாராகவில்லை என்று தாம் தகவல் அனுப்பியதாகச் சொல்கிறார். மேற்கின் ரகசியங்களை வருஷக்கணக்கில் விற்ற அவருக்கு 1994-இல் 12 ஆண்டு சிறை கிடைத்தது. கோர்டியெவ்ஸ்கி மாஸ்கோவுக்குத் துரோகி, ரூப் மேற்குக்குத் துரோகி. அமைதிக்காகத்தான் செய்தோம் என்று இருவருமே சொன்னார்கள். உங்கள் நண்பர் இருவருக்கும் சேர்த்து நன்றி சொல்லத் தயாரா, அல்லது தமக்குப் பிடித்த பக்கத்து ஆளுக்கு மட்டும்தானா? கேட்டு எழுதுங்கள்.