'டெஃபரன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளும் பயன்பாடும்

ஒருவரின் வயதையோ அறிவையோ பொறுப்பையோ மதித்து, நம் கருத்தையும் விருப்பத்தையும் நாமே பின்னுக்கு நிறுத்திக்கொள்வதையே 'டெஃபரன்ஸ்' குறிக்கிறது. இதை 'மரியாதை' என்று மட்டும் கொள்வது போதாது என்பதே என் கருத்து. மரியாதை மனத்தளவில் நின்றுவிடலாம், இதிலோ விட்டுக்கொடுத்தலும் சேர்ந்திருக்க வேண்டும். 'குடும்பத்தாரின் விருப்பத்தை மதித்துச் சடங்குகளைச் சுருக்கினர்' போன்ற இடங்களில் 'இன் டெஃபரன்ஸ் டு' என்று எழுதுவார்கள்.

சொல்லின் முழுக் கனமும் அமெரிக்கச் சட்டத்தில் தெரியும். சட்ட வாசகம் தெளிவற்றிருந்தால், அதைச் செயல்படுத்தும் அரசுத் துறை தரும் நியாயமான விளக்கத்தை, தாங்கள் வேறுவிதமாகப் பொருள்கொண்டிருக்கக்கூடும் என்றாலும், நீதிபதிகள் ஏற்க வேண்டும் என 1984ஆம் ஆண்டு செவ்ரான் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. அதுவே 'செவ்ரான் டெஃபரன்ஸ்'. 2024 ஜூனில், லோப்பர் பிரைட் வழக்கில், அதே நீதிமன்றம் இக்கோட்பாட்டைக் கைவிட்டது. துறையின் கருத்தை நீதிபதி கவனத்துடன் கேட்கலாம், ஆனால் பொருளைத் தாமே முடிவுசெய்ய வேண்டும் என்றது. கேட்பது வேறு, இடம்விடுவது வேறு என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

'டெஃபரன்ஸ்' என்பதன் வினைச்சொல் 'டிஃபர்'. தள்ளிவைத்தலைக் குறிக்கும் இன்னொரு 'டிஃபர்' எழுத்திலும் ஒலியிலும் இதைப் போன்றதே என்றாலும், வேறொரு இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அதன் பெயர்ச்சொல் 'டிஃபர்மெண்ட்'.