வாசகர் கேள்வி – பதில்: வெனிஸில் எங்கே, எப்போது சாப்பிடுவது?

கேள்வி: மே மாதத் தொடக்கத்தில் கணவருடனும் மாமியாருடனும் வெனிஸில் நான்கு நாட்கள் தங்கவிருக்கிறேன். அங்கே உணவு விலை அதிகம், ருசி குறைவு என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். நல்ல உணவு கிடைக்கும் இடங்களைக் கூற முடியுமா?

பதில்: அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அவர்கள் பெரும்பாலும் சான் மார்க்கோ சதுக்கத்துக்கும் ரியால்ட்டோ பாலத்துக்கும் இடைப்பட்ட சந்துகளில், உணவுப் படங்கள் அச்சிட்ட அட்டையை வாசலில் வைத்து, ஆள் நிறுத்தி அழைக்கும் கடைகளில் சாப்பிட்டிருப்பார்கள். அந்தச் சந்துகளை விட்டு விலகிப் பத்து நிமிடம் நடந்தால் நிலைமை மாறிவிடும். வெனிஸில் நன்றாகச் சாப்பிடுவதற்குக் கடையின் பெயரைவிட நாளும் வேளையும் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரியால்ட்டோ மீன் சந்தை செவ்வாய் முதல் சனி வரை, காலை வேளையில் மட்டுமே இயங்குகிறது. ஞாயிறும் திங்களும் சந்தை இல்லை என்பதால், மீனுக்குப் பேர்போன சிறிய உணவகங்கள் பல அந்த இரு நாட்களும் மூடியிருக்கும். எனவே மீன் உணவுக்கான நாட்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு நாள் காலை எட்டு மணிக்கே சந்தைக்குச் சென்று, அன்று என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். மதியம் உணவுப் பட்டியலைக் கையில் எடுக்கும்போது அந்த ஒரு மணி நேரம் பெரிதும் உதவும். கடலேரியின் மீன்வளத்தை இந்நகரம் எவ்வளவு அக்கறையோடு காத்தது என்பதை அறிய, சாந்தா மார்கெரித்தா திடலில் உள்ள பழைய கல்வெட்டையும் தேடிப் பாருங்கள். எந்த மீன் குறைந்தது எவ்வளவு நீளம் இருந்தால் விற்கலாம் என்று அதில் வகைவகையாகப் பொறித்திருக்கிறார்கள்.

அடுத்தது, பாக்கரோ. நின்றுகொண்டே ஒரு சிறு கோப்பை ஒயினும் கைக்கடக்கமான சிற்றுண்டிகளும் உண்ணும் சிறு கடைக்கு வெனிஸ் மக்கள் வைத்திருக்கும் பெயர் அது. அந்தச் சிற்றுண்டிகளைச் சிக்கெத்தி என்பார்கள். ஒன்று பெரும்பாலும் 2 முதல் 4 யூரோவுக்குள் இருக்கும். ஒயின் கோப்பைக்கு ‘ஓம்ப்ரா’, அதாவது நிழல், என்று பெயர். சான் மார்க்கோ மணிக்கூண்டின் நிழல் நகர நகர ஒயின் வண்டிகளும் நகர்ந்ததால் இப்பெயர் வந்தது என்று சொல்லப்படுவதுண்டு. மது அருந்தாதவர்கள் தண்ணீரோ பழச்சாறோ கேட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். முற்பகல் பதினொரு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தட்டுகள் புதிதாக நிரம்பியிருக்கும். மதியம் மூன்று மணிக்குப் போனால் மீந்ததுதான் கிடைக்கும். ரியால்ட்டோ சந்தையின் பின்புறம் ஆல் ஆர்க்கோவும், தன் தொடக்கம் 1462 என்று சொல்லிக்கொள்ளும் தோ மோரியும் அருகருகே உள்ளன. தோர்சோதூரோ பகுதியில், கொண்டோலா படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறைக்கு எதிர்க்கரையில், காந்தினோனே ஜா ஸ்கியாவி இருக்கிறது. மாலை வேளையில் கன்னாரேஜோ பகுதியின் ஓர்மெசீனி, மிசெரிகோர்தியா கால்வாய்க் கரைகளில் நடந்தால், வரிசையாகவே இத்தகைய கடைகளைக் காணலாம்.

அங்கே எதைக் கேட்பது? முதலில் ‘சார்தே இன் சாவோர்’. பொரித்த மத்தி மீனை, வதக்கிய வெங்காயம், வினிகர், உலர் திராட்சை, பைன் கொட்டை ஆகியவற்றோடு அடுக்கி ஊறவைப்பார்கள். கப்பலில் மீன் கெடாதிருக்க மாலுமிகள் கண்ட வழி இது. ஒரு நாளாவது ஊறிய பிறகே புளிப்பும் இனிப்பும் மீனில் இறங்கும். அடுத்து ‘பக்கலா மந்தெக்காத்தோ’. காய்ந்த காட் மீனை ஊறவைத்து வேகவைத்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு வெண்ணெய் போலாகும்வரை அடிப்பார்கள். 1431-இல் கிரீட் தீவிலிருந்து பிளாண்டர்ஸ் நோக்கிப் புறப்பட்ட பியெத்ரோ குவெரீனி என்ற வெனிஸ் வணிகரின் கப்பல் புயலில் அழிய, உயிர் பிழைத்தவர்கள் நார்வேயின் ரோஸ்ட் தீவில் கரையொதுங்கினார்கள். உப்பே இடாமல் காற்றிலும் வெயிலிலும் மீனை உலர்த்தும் முறையைக் குவெரீனி அங்கே கண்டு எழுதிவைத்தார். கடலேரி நிறைய மீன் வைத்திருக்கும் ஊரின் புகழ்பெற்ற பண்டம் வடகோடியிலிருந்து வரும் கருவாட்டில் செய்யப்படுவதன் கதை இதுதான்.

உட்கார்ந்து உண்ண விரும்பும் நாளுக்கு, காஸ்தெல்லோ பகுதியின் அல்லே தெஸ்தியேரே, சான் போலோ பகுதியின் ஆந்தீக்கே காரம்பானே ஆகிய இரண்டும் மீனுக்கு நம்பிக்கையானவை. இரண்டும் சிறியவை, விலையும் குறைவல்ல. பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே இடம் பதிந்துவிடுங்கள். ஒரு பகல் முழுவதும் ஒதுக்க முடிந்தால், ஃபோந்தாமெந்தே நோவே துறையிலிருந்து 12-ஆம் எண் படகில் புரானோ தீவுக்குச் செல்லுங்கள். ஏறத்தாழ முக்கால் மணி நேரப் பயணம். ‘கோ’ எனப்படும், கடலேரிச் சேற்றில் வாழும் சிறு மீனைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றில் அரிசியைக் கிளறிச் செய்யும் ரிசோட்டோவுக்கு அத்தீவின் தா ரொமானோ பேர்பெற்றது. தட்டில் மீன் துண்டு கண்ணில் படாது, சாதம் முழுவதும் மீனின் சுவை இருக்கும். நீங்கள் செல்லும் காலத்தில் ‘மொயேக்கே’ கிடைத்தால் விடாதீர்கள். பழைய ஓட்டைக் கழற்றிப் புதிய ஓடு இறுகாத சில மணி நேரத்துக்குள் எடுக்கப்படும் நண்டு அது. ஓடு கழற்றப்போகும் நண்டுகளை மீனவர்கள் கையால் பிரித்து, நீரில் அமிழ்ந்த பெட்டிகளில் இட்டு நாள்தோறும் கண்காணிக்கிறார்கள். அதனால்தான் விலை அதிகம். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் மட்டுமே கிடைக்கிறது.

கேள்வி: (அதே வாசகி) மாமியார் சுத்த சைவம், முட்டையும் சாப்பிடமாட்டார். அவருக்கு என்ன வழி?

பதில்: பீட்சாவை மட்டும் நம்பி நான்கு நாட்களையும் கழிக்க வேண்டியதில்லை. ஆனால் எச்சரிக்கை தேவை, ஏனெனில் சைவம் போலத் தோன்றும் சில உணவுகள் சைவமல்ல. ‘பீகொலி இன் சால்சா’ என்ற தடித்த பாஸ்தாவின் மேல் வெங்காயம் மட்டுமே தெரியும். அதில் நெத்திலி கரைந்திருக்கிறது. ஏப்ரல் 25, புனித மாற்கு திருநாளன்று நகரத் தலைவரான தோஜேவுக்குப் பரிமாறப்பட்ட, அரிசியும் பச்சைப் பட்டாணியும் சேர்ந்த ‘ரீசி இ பீசி’யில் பன்றி இறைச்சித் துண்டும் இறைச்சிச் சாறும் சேர்ப்பதே வழக்கம். பாலாடைக்கட்டியிலும், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ந்த வகைகள் உண்டு. பார்மேசான் அவற்றுள் ஒன்று. ஆகவே “சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே, சென்ஸா ஊவோவா” (இறைச்சி, மீன், முட்டை வேண்டாம்) என்று சொல்வதோடு, சாறு காய்கறியில் செய்ததா என்றும் கேளுங்கள்.

மே மாதத் தொடக்கம் அவருக்கு நல்ல பருவம். வெனிஸின் காய்கறித் தோட்டமான சாந்தெராஸ்மோ தீவில் ஆர்டிசோக் செடியின் உச்சியில் வரும் முதல் மொட்டை, பக்கக் கிளைகள் வளர்வதற்காக முன்னதாகவே அறுத்துவிடுவார்கள். ‘காஸ்திராவூரே’ எனப்படும் அந்த இளம் மொட்டு ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கும். மெல்லியதாகச் சீவி, எண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்துப் பச்சையாகவே உண்பார்கள். மக்காச்சோள மாவைக் கிளறிய பொலெந்தா, நம் களியைப் போன்றது. வறுத்த காளானோடு சேர்த்து அதைக் கேட்கலாம். சான் ஜாக்கொமோ தெல் ஓரியோ தேவாலயத்துக்கு அருகே உள்ள லா சூக்கா காய்கறி உணவுக்குப் பெயர்பெற்றது. அங்கே இறைச்சியும் உண்டு, முட்டை சேர்ந்த பண்டங்களும் உண்டு என்பதால், இடம் பதியும்போதே அவருடைய தேவையைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: (மற்றொரு வாசகர்) சென்ற முறை பெரிய சதுக்கத்தில் ஒரு காபிக்கு இசைக் கட்டணம் என்று தனித்தொகை வாங்கினார்கள். உணவகத்தில் மீனுக்குப் பட்டியலில் இருந்ததைவிடப் பல மடங்கு விலை போட்டார்கள். இது முறையா?

பதில்: இசைக்குழு வாசிக்கும் மேசைகளில் அக்கட்டணம் வழக்கமானது, பட்டியலில் அச்சிட்டிருக்கும். அதே காபியை ஒரு சாதாரண கடையின் உள்ளே நின்று குடித்தால் மிகக் குறைந்த விலைதான். உணவகத்தில் ‘கொப்பேர்த்தோ’ என ஒருவருக்குச் சில யூரோ சேர்ப்பதும் ஏமாற்றல்ல. மீன் விலைக்குப் பக்கத்தில் ‘எத்தோ’ என்று எழுதியிருந்தால் அது 100 கிராமுக்கான விலை. முழு மீன் பெரும்பாலும் நான்கைந்து எத்தோவுக்கு மேலேயே இருக்கும். சமைப்பதற்கு முன் மீனைக் கொண்டுவந்து காட்டி, எடையையும் மொத்த விலையையும் சொல்லச் சொல்லுங்கள். நல்ல உணவகம் அதைத் தயங்காமல் செய்யும்.