அனுசரணை

கேள்வி: யுத்தம் முடிந்த பிறகு எங்கள் பொதுவாழ்விலும் பல்கலைக்கழகத்திலும் காசு வைத்ததுதான் சட்டம் என்றாகிவிட்டது. போன மாதம் ஒரு பேராசிரியரின் நூல் வெளியீட்டுக்கே மூன்று அனுசரணையாளர்கள். இதற்கு முடிவே இல்லையா?
வாசகர் ஒருவர், கோண்டாவில்

பதில்: 'அனுசரணை' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். காய்ச்சலில் கிடப்பவருக்குப் பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்கும் பிள்ளையை என் அம்மம்மா 'நல்ல அனுசரணையான பிள்ளை' என்பார். எவ்வளவு ஈரமான சொல்! இன்று அது பதாகையின் அடியில், கம்பனிச் சின்னங்களுக்கு மேல் ஒட்டிக்கிடக்கிறது. அதே வேரில்தான் 'அனுசரித்துப் போதல்' என்பதும் இருக்கிறது. காசு கொடுப்பவருக்கு அனுசரணையாளர் என்று பெயர். அனுசரித்துப் போவதோ வாங்குகிறவர். எனக்குக் கோபம் அதில்தான்.

காசின் மேல் எனக்குப் பகை இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்பதே சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில். 1974இல் அங்கேதான் யாழ்ப்பாண வளாகம் பிறந்தது. பெண்களுக்கென்று அவர் முன்னரே தொடங்கிய கல்லூரிக்கு அவருடைய பெயரே இருக்கிறது. அதிலும் குறை காண மாட்டேன். கொடுத்தவர் பெயர் சுவரில் இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே என்ன பேசலாம், எதை ஆராயலாம் என்பதில் மட்டும் அவர் கை நீளக்கூடாது.

2009க்குப் பிறகு, தெற்கிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 வீதியால் வந்தவற்றை எண்ணிப் பாருங்கள்: வங்கிக் கிளைகள், லீசிங் கம்பனிகள், வாரத்துக்கு வாரம் படலையில் வந்து நிற்கும் நுண்கடன்காரர். வன்னியில் கணவனை இழந்த பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தார்கள். நிலைமை முற்றித்தான் 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களில் சிக்கியிருந்த பெண்களுக்கு அரசாங்கம் தள்ளுபடி அறிவித்தது. அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவி நுண்கடனைப் பற்றி ஆய்வு எழுதுகிறாள் என்று வையுங்கள். கடன் கம்பனியின் பதாகைக்குக் கீழே நின்று அவள் அதை வாசிக்க முடியுமா? வாசிக்க விட்டாலும் இரண்டு பக்கத்தை எடுத்துவிடச் சொல்ல ஓர் ஆசிரியர் வந்துவிடுவார். கம்பனி வாய் திறக்கவே வேண்டியதில்லை.

பழைய மாணவர் சங்க மலர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ தரம் எழுதிவிட்டேன். முன்னால் வாழ்த்துச் செய்திகள், பின்னால் விளம்பரங்கள், நடுவில் ஒரு மாணவன் எழுதிய கவிதை பிழை திருத்தப்படாமல் கிடக்கும். அப்படி எழுதியதற்காக ஒரு சங்கம் எங்களுக்குத் தந்துவந்த விளம்பரத்தை நிறுத்தியது. எழுதியதில் ஒரு வரியையும் நான் திரும்பப் பெறவில்லை. பெறவும் மாட்டேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. பல்கலைக்கழகம் ஏன் கை நீட்டுகிறது? அரசு கொடுப்பது போதாது என்பதால்தான். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டு 2012இல் விரிவுரையாளர்கள் ஏறத்தாழ நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காலியிலிருந்து கொழும்புவரை நடந்தார்கள். அந்த 6 வீதம் இன்றுவரை வரவில்லை. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியில் படித்து மேலே வந்த நாங்கள், அந்த நடையைப் பத்திரிகைப் படமாகப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினோம். இதில் என் பங்கும் உண்டு. அன்று நான் எழுதியது ஒரு சிறு குறிப்பு மட்டுமே.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள், மண்ணெண்ணெய் பொன்னாக இருந்த நாளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவுக்கு எண்ணெய். எங்கள் ஒழுங்கையில் சோதனை எடுக்கிற பிள்ளை இருந்த வீட்டுக்கு மற்ற வீட்டார் தங்கள் பங்கில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். யார் வீட்டு எண்ணெய் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஒருவருக்கும் மாலை விழவில்லை. அதற்கு முந்திய தலைமுறையில் சமைக்கும்போது பானையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்து, அந்தப் பிடியரிசியால் பள்ளிக்கூடம் நடத்தியவர்களும் எங்கள் ஆட்கள்தான். அனுசரணை என்றால் எனக்கு அதுதான்.

இனி நீங்கள் சொன்ன நூல் வெளியீட்டுக்கு வருகிறேன். வந்தவர்கள் ஆளுக்கொரு பிரதி காசு கொடுத்து வாங்கியிருந்தால் அச்சுக்கூலி வந்திருக்கும். மூன்று அனுசரணையாளர்களும் வீட்டில் இருந்திருக்கலாம். நீங்கள் எத்தனை பிரதி வாங்கினீர்கள்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.