பச்சைக் கறி உண்ணும் நாய்க்குக் காய்கறி எதற்கு, எவ்வளவு?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயது, எடை 28 கிலோ. சில மாதங்களாகச் சமைக்காத உணவுக்கு மாற்றியிருக்கிறோம். எலும்பு தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற அச்சத்தால் எலும்பு நீக்கிய கோழிக்கறியும், வாரம் இருமுறை ஆட்டு ஈரலும் கொடுக்கிறோம். கேரட், பீன்ஸ், பீட்ரூட் ஆகியவற்றைப் பச்சையாகத் துருவிச் சேர்க்கிறோம். கேரட் துருவல் அப்படியே மலத்தில் வந்துவிடுகிறது. நாய்க்குக் காய்கறியே தேவையில்லை என்கிறார் நண்பர் ஒருவர். காய்கறி வேண்டுமா? எதை, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது? எலும்புக்குப் பதிலாக முருங்கைக்கீரை கொடுத்தால் கால்சியம் கிடைத்துவிடுமா?

பதில்: கேரட் துருவல் மலத்தில் வருவது நோயின் அறிகுறி அன்று. நாயின் தாடை மேலும் கீழும் மட்டுமே அசையும். மாட்டைப் போலப் பக்கவாட்டில் அசைத்து அரைக்க அதனால் இயலாது. கடித்த உணவை அது பெரும்பாலும் மெல்லாமல் விழுங்கிவிடுகிறது. காய்கறியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் செல்லுலோஸ் சுவரைச் சிதைக்கும் நொதி நாயின் குடலில் சுரப்பதில்லை. ஆகவே கேரட்டைத் துருவிப் போட்டால் அது துருவலாகவே வெளிவருவதில் வியப்பில்லை. அதிலுள்ள சத்தில் மிகச் சிறு பங்கே உடலில் சேர்ந்திருக்கும். அந்தச் சுவரை நாய்க்காக நாம்தான் உடைத்துத் தர வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மிக்ஸியில் சிறிது நீர் விட்டுச் சட்னியைவிடவும் மையாக அரைப்பது. மற்றொன்று, ஆவியில் வேகவைத்து மசிப்பது.

சமைக்காத உணவு முறையைப் பின்பற்றுவோர் பலர், கறி பச்சையாக இருப்பதால் காயும் பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறார்கள். அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வேகவைப்பதால் வைட்டமின் சி சிறிது குறையும் என்பது உண்மையே. ஆனால் நாய் தனக்குத் தேவையான வைட்டமின் சியைத் தன் கல்லீரலிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. எனவே இந்த இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. தங்கள் நாய்க்கு எல்லாக் காய்களையும் ஆவியில் வேகவைத்து, மசித்துக் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே முறையில் மசித்து, ஐஸ் தட்டுகளில் ஊற்றி உறைய வைத்துக்கொண்டால் வேளைக்கு இரண்டு மூன்று கட்டிகளாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

இனி, தங்கள் நண்பரின் கருத்துக்கு வருவோம். இந்த வாதம் புதியதன்று. சமைக்காத எலும்பும் கறியும் கொண்ட உணவு முறையை 1993-இல் பரவலாக அறிமுகப்படுத்திய ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் அதில் காய்கறிக்கும் இடமளித்தார். பின்னர் வந்த மற்றொரு சாரார், நாய் ஊனுண்ணி என்பதால் காய்கறியே கூடாது என்றனர். காய்கறி வேண்டும் என்போர் வழக்கமாகச் சொல்லும் காரணம், ஓநாய் தன் இரையின் இரைப்பையிலுள்ள செரித்த புல்லையும் தின்கிறது என்பதாகும். இந்தக் காரணம் சரியன்று. ஓநாய்களைப் பல்லாண்டு காலம் ஆராய்ந்த டேவிட் மெக் போன்ற அறிஞர்கள், பெரிய இரையின் இரைப்பையிலுள்ள புல்லை ஓநாய் பொதுவாக உண்பதில்லை என்றே பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் காய்கறி வேண்டாம் என்போரும் ஓநாயையே அளவுகோலாகக் கொள்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட மரபணு ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயில் இரண்டு நகல்களும், நாய்களில் நான்கு முதல் முப்பது நகல்கள் வரையும் இருப்பது தெரியவந்தது. மனிதரின் அடுப்படியை அண்டி வாழ்ந்த காலத்தில் நாயின் குடல் மாறிவிட்டது. ஓநாய் எதை உண்கிறது என்பதைக் கொண்டு நாயின் உணவை முடிவு செய்ய இயலாது.

காய்கறி இல்லாமல் நாய் உயிர்வாழுமா என்றால், கறி, எலும்பு, உள்ளுறுப்புகள் ஆகியவை சரியான விகிதத்தில் அமைந்தால் வாழும். ஆனால் பயனுண்டா என்றால், உண்டு. முதன்மையான பயன் நார்ச்சத்து. பரங்கிக்காய், கேரட் போன்றவற்றிலுள்ள கரையும் நாரைப் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து, குடலின் உட்சுவருக்கு ஊட்டமாகும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. வெறும் கறி உண்ணும் நாய்க்கு மலம் இளகிப்போவதும், எலும்பு மிகுந்த உணவு உண்ணும் நாய்க்கு மலம் சுண்ணாம்பைப் போல வெளுத்து இறுகுவதும் வழக்கம். இரண்டையும் ஓரளவு சீர்படுத்துவது இந்த நாரே. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தினர் 2005-இல் ஸ்காட்டிஷ் டெரியர் நாய்களிடம் நடத்திய ஆய்வில், வாரம் மூன்று முறையேனும் காய்கறி உண்ட நாய்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டது. கீரை வகைகளிலும் மஞ்சள் நிறக் காய்களிலும் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. எனினும் அது அந்நோய் மிகுதியாக வரும் ஒரே இனத்தில், வளர்ப்போர் நினைவிலிருந்து சொன்ன விவரங்களைக் கொண்டு செய்யப்பட்டது. அதை எல்லா நாய்க்கும் பொருத்திவிடக் கூடாது.

தங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலையளித்தது கேரட் அன்று, கால்சியம். 28 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் கால்சியம் தேவை. எலும்பு நீக்கிய கோழிக்கறி 600 கிராமில் நூறு மில்லிகிராம் அளவுக்குக்கூடக் கால்சியம் இராது; ஆனால் பாஸ்பரஸோ ஒரு கிராமுக்கு மேல் இருக்கும். உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்று மிகுதியாகவோ இருக்க வேண்டும். அது மிகக் குறைந்தால், இரத்தத்தின் கால்சிய அளவைக் காக்க உடல் தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். வளர்ந்த நாயில் இது வெளியே தெரிய நாளாகும். குட்டியாக இருந்தால் சில வாரங்களிலேயே கால் வளையும், எலும்பு முறியும்.

முருங்கைக்கீரை கால்சியம் மிகுந்ததுதான். ஆனால் இந்தக் குறையை அதனால் நிரப்ப வேண்டுமென்றால் நாள்தோறும் ஏறத்தாழ 300 கிராம் இலையை நாய்க்கு ஊட்ட வேண்டியிருக்கும். அது வயிற்றுப்போக்கில்தான் முடியும். அது கீரையாகச் சிறிதளவு இருக்கட்டும். எலும்பின் வேலையை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். எலும்பு கொடுக்க அச்சமிருந்தால், முட்டை ஓட்டைக் கொதிநீரில் வேகவைத்து, உலர்த்தி, கைக்கு நெருடாதபடி பொடித்துச் சேர்க்கலாம். அரைத் தேக்கரண்டிப் பொடியில் ஏறத்தாழ ஒரு கிராம் கால்சியம் உண்டு. சரியான அளவை, தாங்கள் கொடுக்கும் கறியின் எடையைச் சொல்லித் தங்கள் கால்நடை மருத்துவரிடம் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, வளர்ந்த நாய்க்கு உடல் எடையில் 2 முதல் 3 விழுக்காடு வரை ஒரு நாளைய மொத்த உணவாகக் கொள்வது இம்முறையின் வழக்கம். தங்கள் நாய்க்கு அது சுமார் 700 கிராம்; அதில் காய்கறி 70 முதல் 100 கிராம் வரை போதும். பரங்கிக்காயை அடிப்படையாக வைத்துக்கொண்டு கேரட், பீன்ஸ், புடலங்காய், பீர்க்கங்காய் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சேர்க்கலாம். பீட்ரூட் கொடுத்த மறுநாள் சிறுநீரோ மலமோ சிவந்திருந்தால் இரத்தம் என்று அஞ்ச வேண்டாம். பாலக், முளைக்கீரை போன்றவற்றில் சிறுநீர்க்கல்லுக்கு வழிவகுக்கும் ஆக்சலேட் மிகுதி என்பதால் அவற்றை வேகவைத்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். முன்பு சிறுநீர்க்கல் வந்த நாய்க்கு அவை அறவே வேண்டாம்.

வெளிநாட்டுப் பட்டியல்களில் காணப்படாத சில ஆபத்துகள் நம் காய்கறிக் கூடையில் இருப்பதால், அவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சேனைக்கிழங்கிலும் சேப்பங்கிழங்கிலும் உள்ள ஊசி போன்ற படிகங்கள், பச்சையாகக் கொடுத்தால் நாயின் வாயையும் தொண்டையையும் குத்தி வீங்கச் செய்யும். பச்சை மரவள்ளிக்கிழங்கு வயிற்றில் சயனைடை வெளிவிடும். சுரைக்காயை அரிந்தவுடன் ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள்; கசந்தால் அந்தக் காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். கசப்புச் சுரைக்காய்ச் சாற்றை அருந்தி மனிதரே உயிரிழந்த நிகழ்வுகளுக்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதே எச்சரிக்கையை விடுத்தது. அந்த நச்சு வேகவைத்தாலும் நீங்கும் என்று நம்ப முடியாது. பச்சை உருளைக்கிழங்கும், பழுக்காத தக்காளியும் வேண்டாம். மக்காச்சோளக் கதிரின் தண்டை விழுங்கிக் குடல் அடைபட்ட நாய்க்கு அறுவை சிகிச்சைதான் தீர்வு.

வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவை பச்சையானாலும் வதக்கினாலும் நஞ்சே. அவை இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. உடல் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல், அதாவது தங்கள் நாய்க்கு 140 கிராம் வெங்காயம், ஒரே வேளையில் உள்ளே போனால் ஆபத்து. நாள்தோறும் சிறிது சிறிதாகப் போனாலும் அதே விளைவு வரலாம். திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவது பலர் அறிந்ததே. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதே அமிலம் புளியில் மிகுதியாக உள்ளது. எனவே, மீந்த சாம்பாரில் கிடக்கும் காயைக் கழுவிக் கொடுக்கும் வழக்கம் வீட்டில் யாருக்கேனும் இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

ஆட்டு ஈரலை மட்டுமாவது வேகவைத்துக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஈரலில் நீர்க்கட்டிகளாக இருக்கும் ஒருவகை நாடாப்புழு நாயின் குடலில் வளர்ந்து, அதன் மலத்தின் வழியே வீட்டிலுள்ளோருக்குப் பரவக்கூடும். கறி நறுக்கிய பலகையில் காய்கறி நறுக்காதீர்கள்.

புதிய காய் எதையும் ஒன்றன்பின் ஒன்றாக, மூன்று நான்கு நாள் இடைவெளியில், ஒரு தேக்கரண்டியிலிருந்து தொடங்கிச் சேருங்கள். மலம் இளகினால் அளவைப் பாதியாக்குங்கள். வெங்காயம் தெரியாமல் உள்ளே போயிருந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் அப்போதே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஈறு வெளுப்பதும், சோர்வும், சிறுநீர் காப்பி நிறத்தில் போவதும் பெரும்பாலும் மூன்று நான்கு நாள் கழித்தே தென்படும்.