70 பெரிதா, 15 பெரிதா?

கேள்வி: உதகையில் வசிக்கிறோம். கோவையில் எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் ஒன்று வாங்கினோம். அதில் '70 கிலோபாஸ்கல்' என்று போட்டிருக்கிறது. எங்கள் பழைய அடுப்புக் குக்கரில் 'சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ'. சமையல் குறிப்புகளிலோ '15 பிஎஸ்ஐ' என்கிறார்கள். "70 என்றால் அழுத்தம் பல மடங்கு, மலைக்கு ஏற்றது" என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். புதியதில் ராஜ்மா வேக மறுக்கிறது. பழைய குக்கரிலேயே கனமான வெயிட் போட்டுச் சமைக்கலாமா?

பதில்: முதலில் வெயிட். வேண்டவே வேண்டாம். உங்கள் குக்கருக்கென்று அதன் நிறுவனம் கொடுத்த வெயிட்டைத் தவிர வேறு எதையும் அதன்மேல் வைக்காதீர்கள். பாத்திரமும் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் அந்த ஓர் அழுத்தத்தைக் கணக்கிட்டே செய்யப்பட்டவை.

இனி கணக்கு. கிலோபாஸ்கல், பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) எல்லாமே அழுத்தத்தை அளக்கும் வெவ்வேறு அலகுகள். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது 98 கிலோபாஸ்கல், அதாவது 14.2 பிஎஸ்ஐ. குறிப்புகளில் வரும் 15 பிஎஸ்ஐ 103 கிலோபாஸ்கல். ஆக, பழைய குக்கரும் சமையல் குறிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். புதியதன் 70 கிலோபாஸ்கலை மாற்றினால் 10 பிஎஸ்ஐ சொச்சம்தான் வருகிறது. பழையதைவிட ஏழில் இரண்டு பங்கு குறைவு! அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் காட்டி விற்றது தவறு. எனக்கு இதில் கோபமே வருகிறது. (வேறு மாடலில் 'பார்' என்று இருந்தால், 1 பார் 100 கிலோபாஸ்கல், கிட்டத்தட்ட அந்த 1 கிலோவேதான்.)

இந்த எண்கள் எல்லாமே வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதைச் சொல்பவை. மலைவாசிகள் கவனிக்க வேண்டியது இதைத்தான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் சுமார் 77. அதனால்தான் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பழைய குக்கர் கடலோரத்தில் 120 டிகிரியைத் தொடும். உங்கள் சமையலறையில் 116. புதியதோ உதகையில் 111-ஐத் தாண்டாது. ராஜ்மாவுக்கு அந்த ஐந்து டிகிரி பெரிய வித்தியாசம்.

குக்கரில் பழுதில்லை, நேரம்தான் போதவில்லை. இரவே ஊறவையுங்கள். பழையதில் 20 நிமிடம் வைத்திருந்தால் இதில் அரை மணி நேரம் வையுங்கள். திறந்ததும் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். நடுவில் வேகாத வெள்ளைப் பகுதி தட்டுப்பட்டால் இன்னும் ஐந்து நிமிடம்.

மாற்றித்தர வேண்டுமென்றால், பில்லையும் குக்கரின் அடித்தகட்டுப் படத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் கடைக்குப் போங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யலாம். "பல மடங்கு" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள்.